சொத்தைக் கத்தரிக்காயும் கருவாட்டு வண்டும்

சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகிற எந்த இயற்கை உழவரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "சொத்தை இருக்கே, வேற நல்லதா இல்லையா?" என்று கூடையைக் கிளறிவிட்டு, பக்கத்துக் கடையில் பளபளவென்று இருக்கும் காயை வாங்கிப் போய்விடுவார்கள். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் எத்தனை முறை மருந்து அடித்திருக்கிறார்கள் என்று நாமும் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சிலருக்குப் புரிகிறது, பலருக்குப் புரியவில்லை.

சரி, கருவாடு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு கறுப்பு வண்டு ஓடினால் முகத்தைச் சுளிக்கிறோம். "சீ, வண்டு விழுந்த சரக்கு" என்று தள்ளிவிட்டு, மூன்று மாதம் குடோனில் கிடந்தும் ஒரு பூச்சிகூட அண்டாத கருவாட்டைத் தேடி வாங்குகிறோம். அது எப்படி அண்டாமல் இருந்தது என்று கேட்பதில்லை. கத்தரிக்காய் விற்கும்போது உழவராக இருக்கிற நாம், கருவாடு வாங்கும்போது அந்தப் பழைய வாடிக்கையாளராகவே மாறிவிடுகிறோம். இந்த இதழில் நெல்லைப் பற்றி, விதையைப் பற்றி, மாட்டைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நம் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற கருவாட்டைப் பற்றியும் ஒரு தடவை பேசிவிடலாம்.

நான் இருப்பது பூவம். காரைக்காலின் வட எல்லை. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தரங்கம்பாடி. மேற்கே வயல், கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. மண்டபத்தூர், காளிக்குப்பம் பக்கமிருந்து கருவாட்டுக் கூடையோடு பெண்கள் எங்கள் தெருவுக்கு வருவார்கள். எங்கள் பாட்டி காலத்தில் அறுவடை முடிந்த கையோடு களத்துக்கே வந்து, நெல்லை அளந்து வாங்கிக்கொண்டு கருவாடு போட்டுவிட்டுப் போவார்களாம். வயலுக்கும் கடலுக்கும் இருந்த அந்த நேரடிக் கணக்கு இப்போது இல்லை. நடுவில் வியாபாரி, ஏலம், குடோன், லாரி எல்லாம் வந்துவிட்டது. வண்டும் அந்த நடு இடத்தில்தான் பெருகுது.

எந்தப் பூச்சி, எப்போது வருது?

கருவாட்டுக்குப் பூச்சி ஒரே தடவையில் வருவதில்லை. ஈரமாக இருக்கும்போது ஒரு கூட்டம், காய்ந்த பிறகு ஒரு கூட்டம்.

முதலில் ஈ. நீலமாகவும் பச்சையாகவும் மின்னுகிற பெரிய ஈக்கள். மீனைப் பிளந்து மணலில் பரப்பிய முதல் நாளே செவுளிலும் சதை மடிப்பிலும் முட்டை வைக்கும். ஒரே நாளில் முட்டை பொரிந்து புழுவாகிவிடும். மேகமூட்டமான நாளில், மீன் சீக்கிரம் காயாதபோது இந்தப் புழுவுக்குக் கொண்டாட்டம். மேல்தோல் காய்ந்து இறுகிவிட்டால் ஈக்கு வேலை இல்லை, போய்விடும்.

அடுத்தது வண்டு. முக்கியமானது தோல் வண்டு. டெர்மெஸ்டெஸ் என்பது அதன் பேரினப் பெயர். கறுப்பாக, நெல் மணியைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். அதன் புழுவுக்கு உடம்பெல்லாம் மயிர், குட்டிக் கம்பளிப்பூச்சி மாதிரி. கருவாட்டைத் தின்பதில் பெரும்பங்கு இந்தப் புழுவுடையதுதான். வெளிச்சம் பிடிக்காது. மூட்டையின் நடுவில், மீனின் உள்பக்கத்தில் உட்கார்ந்து தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் மீன் முழுசாக இருக்கும், கையில் எடுத்தால் தோலும் முள்ளும்தான் மிஞ்சியிருக்கும். அருங்காட்சியகங்களில் செத்த விலங்கின் எலும்பைச் சதையில்லாமல் சுத்தம் செய்ய இதே வண்டைத்தான் வளர்க்கிறார்கள் என்றால் அதன் பசியைப் புரிந்துகொள்ளலாம். நம்ம வெக்கைக்கு முட்டையிலிருந்து வண்டாக ஒன்றரை மாதம் போதும். கூட்டுப்புழுவாக மாறும்முன் பாதுகாப்பான இடம் தேடி மரப்பலகையைக்கூடத் துளைத்துக்கொண்டு போகும். அதனால்தான் பழைய மரப்பெட்டியும் பரண் பலகையும் இருக்கிற குடோனில், புதுச் சரக்கு வைத்த வேகத்தில் வண்டு வந்துவிடுகிறது. புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. போன வருடத்து வண்டின் பிள்ளைகள்தான்.

மூன்றாவது ஒன்று, தென்னை வைத்திருக்கிறவர்களுக்குப் பழக்கமானது. நீலப்பச்சையாக மின்னும் உடம்பு, சிவந்த கால். கொப்பரையில் பார்த்திருப்பீர்கள். அதே வண்டு கருவாட்டுக்கும் வரும். எண்ணெய்ச் சத்து எங்கே இருக்கிறதோ அங்கே அதற்குச் சாப்பாடு. ஈயின் புழுவையும் மற்ற வண்டுகளின் முட்டையையும்கூட அது பிடித்துத் தின்னும் என்பது ஒரு வேடிக்கை.

ஆக, இது கடல் சமாச்சாரம் மட்டுமில்லை. குதிரில் நெல் அந்தும், உளுந்தில் துளை வண்டும், கொப்பரையில் சிவப்புக்கால் வண்டும் எந்தக் காரணத்துக்காக வருதோ, அதே காரணங்களுக்காகத்தான் கருவாட்டிலும் வண்டு வருது. சரியாகக் காயாத சரக்கு, காற்றுப் புகும் சாக்கு, பழையதோடு புதியதைச் சேர்த்து வைத்தல். விதை சேமிக்கத் தெரிந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரைக்காய்ச்சல் ஏன் நடக்குது?

"அப்ப நல்லா காய வச்சா தீர்ந்துச்சே?" என்று கேட்கலாம். நானும் கருவாட்டுக்கார அக்கா ஒருவரிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "தம்பி, காயக் காய எடை போவுது. எடை போனா காசு போவுது. நீங்க கிலோவுக்குத்தானே காசு குடுக்குறீங்க?"

அவர் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். நூறு கிலோ பச்சை மீனில் ஏறத்தாழ 75 கிலோ தண்ணீர். மிச்சம் 25 கிலோதான் சதையும் முள்ளும். ஈரம் 15 சதவீதம் வரும்வரை காயவைத்தால் கையில் 29 கிலோ கருவாடு நிற்கும். 35 சதவீத ஈரத்திலேயே மூட்டை கட்டினால் 38 கிலோ. குடல் கழிவையும் உப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு நாள் முன்கூட்டியே அள்ளிவிட்டால் ஒன்பது கிலோ அதிகம். அந்த ஒன்பது கிலோவும் வெறும் தண்ணீர். ஆனால் விலை கருவாட்டு விலை.

இந்த இடத்தில் யாரும் அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று கருவியைச் செருகிப் பார்க்கும்போது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று ஒவ்வொரு அறுவடைக்கும் டெல்டா முழுக்கக் குரல் கொடுக்கிறவர்கள் நாம்தான். களத்தில் போட்டுக் காயவைக்க இடமில்லை, ஆளில்லை, மழை மிரட்டுது என்று நமக்கு இருக்கிற காரணங்கள் அத்தனையும் அவர்களுக்கும் இருக்கிறது. நெல்லுக்காவது ஒரு ஈரப்பத அளவும் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. தெருவில் வரும் கருவாட்டுக்கு அதுவும் கிடையாது. நன்றாகக் காய்ந்த கருவாட்டுக்கும் அரைக்காய்ச்சல் கருவாட்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், எந்த மடையன் நன்றாகக் காயவைப்பான்?

அரைக்காய்ச்சலோடு பிரச்சினை நிற்பதில்லை. ஈரமுள்ள கருவாட்டை டப்பாவிலோ பிளாஸ்டிக் பையிலோ இறுக்கமாக அடைத்தால் இரண்டே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். அதனால் காற்றோட்டமான சாக்கில்தான் கட்ட வேண்டும். காற்றுப் போகிற சாக்கில் வண்டும் போகும். கிலோ கணக்கு அரைக்காய்ச்சலைக் கொண்டுவருகிறது, அரைக்காய்ச்சல் சாக்கைக் கொண்டுவருகிறது, சாக்கு வண்டைக் கொண்டுவருகிறது. வண்டு வந்த பிறகு மருந்துக் குப்பி வருகிறது. சங்கிலியின் முதல் கண்ணி நம்ம கையில், நாம் விலை பேசுகிற இடத்தில் இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் மட்டும் முழுக் காவல் இல்லை. உப்பே போடாமல் கணகணவென்று காய்ந்த நெத்திலியையும் தோல் வண்டு விடாது. உப்பு தூக்கலாக ஏறிய மீனில்தான் அதன் புழு சரியாக வளராது. ஆக, காய்ச்சல், உப்பு, இறுக்கமான அடைப்பு என்று காவல் மூன்று. உப்பில்லாத நெத்திலிக்குக் காய்ச்சலும் அடைப்பும் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். பெரிய மீனுக்கு மூன்று, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு என்று உப்பு தாராளமாகப் போட வேண்டும்.

புகை போட்டால் போதுமா?

நம்ம வட்டத்தில் சிலர், "மருந்து வேணாம், புகை போடலாமே, அது இயற்கைதானே?" என்கிறார்கள். புகைமீன் நமக்குப் புதுசு இல்லை. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் மாசிக் கருவாடு என்று விற்பதெல்லாம் சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தது. லட்சத்தீவில் மினிக்காயிலும், மாலத்தீவிலும் இது பெரிய தொழில். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, மீனை நான்காக வெட்டி, இலேசாக வேகவைத்து, ஓலைப் பெட்டியில் போட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். நம் வீடுகளிலும் விறகடுப்புக்கு மேலே பரணில் கருவாட்டுப் பானையும் விதைக் கதிரும் ஒன்றாகத்தான் தொங்கின. தினமும் புகை பட்டதால் பூச்சி அண்டவில்லை.

இதில் சூட்சுமம் "தினமும்" என்ற சொல்லில் இருக்கிறது. புகை எரியும்வரை ஈ கிட்டே வராது. அடுப்பின் சூட்டில் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் சாகும். அடுப்பு அணைந்து மீன் ஆறி, மூட்டைக்குள் போன பிறகு புகை அதற்குக் காவல் இல்லை. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக் கரையிலிருந்து நைஜீரியாச் சந்தைகளுக்குப் போகிற புகைமீன் இதற்குப் பெரிய சாட்சி. நன்றாகப் புகைபோட்ட மீன்தான். ஆனால் வழியிலும் கிடங்கிலும் வாரக்கணக்கில் கிடக்கும்போது இதே தோல் வண்டு விழுந்து, விற்கிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது பாதி தூளாக நிற்கும். இந்த வண்டைப் பற்றி அந்தப் புகைமீனை வைத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அதனால் புகையை விலக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே இல்லாதபோது, தேங்காய் மட்டை போட்டு மூட்டம் கொடுத்து வாட்டுவது நல்ல வழிதான். புகையை மந்திரமாக நினைக்க வேண்டாம் என்கிறேன். புகை காயவைக்கத்தான் உதவும். காத்து நிற்பது காய்ச்சலும் உப்பும் அடைப்பும்தான்.

மருந்துக் குப்பி

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். பீர்க்கை, பாகல், புடலை போட்டவர்களுக்குக் கருவாட்டுப் பொறி தெரியும். பழ ஈயைப் பிடிக்க ஓட்டை போட்ட பாலித்தீன் பையில் நனைத்த கருவாட்டுத் தூள் 5 கிராம் வைத்துத் தொங்கவிடுவது. வேளாண் பல்கலைக்கழகம் வருடக்கணக்காகக் கொடுத்த பரிந்துரையில் அதோடு பஞ்சில் நனைத்து 1 மில்லி டைக்ளோர்வாஸும் உண்டு. கடைகளில் நுவான் என்று கேட்டு வாங்கிய அதே மருந்து. கருவாடு ஈயை இழுக்கும், மருந்து ஈயைக் கொல்லும். அது வயலில் ஈக்கு வைத்த பொறி.

அதே இரண்டு பொருளும் ஒரு குடோனில் சேர்ந்தால்? அங்கே கருவாட்டைச் சாப்பிடப் போவது நாம்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் கருவாட்டில் மருந்து அடிக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வாரத்தில் விற்றுத் தீர்க்கிற கூடைக்காரிக்கு அதற்கு அவசியமும் இல்லை. மாதக்கணக்கில் சரக்கைத் தேக்கிவைத்து, விலை ஏறும்போது வெளியூருக்கு ஏற்றுகிற இடத்தில்தான் அந்த ஆசை வரும். உலகத்தில் பல இடங்களில் வந்திருக்கிறது. வங்காளதேசத்தில் 'சுட்கி' என்கிற கருவாடு அன்றாட உணவு. காக்ஸ் பஜார் கடற்கரையில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மூங்கில் பரண்களில் காயும். அந்த நாட்டுக் கருவாட்டைப் பரிசோதித்தவர்களுக்கு டி.டி.டி. போன்ற மருந்துகளின் எச்சம் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஈக்குப் பயந்து பச்சை மீனிலேயே அடிப்பதும், வண்டுக்குப் பயந்து கிடங்கில் அடிப்பதும் அங்கே நடந்தது. இன்று 'விஷமில்லா சுட்கி' என்று தனிப் பெயர் சொல்லி விற்க வேண்டிய நிலைமை.

நம் நாட்டில் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. உணவுப் பொருள் மேல் பூச்சிக்கொல்லியை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011-லேயே சொல்கின்றன. முறைப்படி பதிவு செய்த புகைமூட்ட மருந்துக்கு மட்டும் விலக்கு. டைக்ளோர்வாஸைப் பொறுத்தவரை, மத்திய அரசு 2018 ஆகஸ்டில் போட்ட ஆணைப்படி 2020 டிசம்பர் 31-லிருந்து அதற்கு முழுத் தடை. ஆனால் காய்கறியிலாவது எப்போதாவது மாதிரி எடுத்துப் பார்த்ததாகச் செய்தி வருகிறது. வாரச்சந்தையில் கருவாட்டுக் கடை முன்னால் மாதிரி எடுக்க வந்து நின்ற அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏழை சாப்பாடு என்பதால் அலட்சியமோ என்னவோ.

உப்பைக் கழுவலாம், மருந்தைக் கழுவ முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உப்பு குறைவான கருவாடு வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிலேயே கூடிவிட்டார்கள். ரத்த அழுத்தம், டாக்டர் சொன்னார் என்று காரணம் நியாயமானதுதான். ஆனால் வழி அது இல்லை. உப்புக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுக் குழம்பு வைப்பது நம்ம அம்மாக்களுக்குத் தெரிந்த வேலை. ஓரளவு உப்பு அதிலேயே இறங்கிவிடும். அதற்கும் மேல் குறைக்க வேண்டிய உடம்பாக இருந்தால் கருவாட்டின் அளவைக் குறைக்கலாம். உப்பு குறைவு, விலை குறைவு, வண்டும் இருக்கக் கூடாது என்று மூன்றையும் ஒரே கருவாட்டில் கேட்டால், நாலாவதாக ஒன்று சொல்லாமலே உள்ளே வந்துவிடும்.

உப்பு விலையும் புழுவும்

வெளியில் எடுக்கிற முடிவு கருவாட்டில் புழுவாக வருவது இன்று நேற்றுக் கதை இல்லை. வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்ட காலத்தில், மீனுக்குப் போட உப்பு வாங்க முடியாமல் உவர்மண்ணைத் தடவிக் காயவைத்தார்கள். மீன்வளத் தலைமை ஆய்வாளராக இருந்த பிரான்சிஸ் டே 1873-ல் கொடுத்த அறிக்கையில் உப்பு விலையால் மீன் பதப்படுத்தும் தொழில் படுகிற பாட்டைப் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் சென்னை மாகாணக் கடற்கரையில் வேலி போட்ட மீன் உப்பிடும் முற்றங்களை அரசே அமைத்து, உள்ளே மட்டும் வரியில்லாத உப்பு கொடுத்தது. எங்கள் காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். அங்கேயும் உப்பு சுதந்திரமாக இல்லை. 1815-ல் லண்டனில் போட்ட ஒப்பந்தத்தில், பிரெஞ்சுப் பகுதி உப்பை வாங்கும் தனி உரிமையை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு ஈடாக வருடம் நான்கு லட்சம் ரூபாய். 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் நடந்துபோய் உப்பு அள்ளிய வேதாரண்யம் எங்களுக்குத் தெற்கே அதே கரையில்தான் இருக்கிறது.

அன்றைக்கு உப்பின் விலை புழுவை வளர்த்தது. இன்றைக்கு உப்பு மலிவு. காய்ச்சலுக்கு ஆகும் நாளுக்கும், உழைப்புக்கும், குறைகிற எடைக்கும் விலை இல்லை என்பதுதான் புழுவை வளர்க்கிறது. வண்டை மட்டும் கொன்று இதைத் தீர்க்க முடியாது. பயிரில் பூச்சி வந்தால் மண்ணைப் பார் என்று நம்மாழ்வார் அய்யா வழியில் பேசிப் பழகிய நமக்கு, கருவாட்டில் பூச்சி வந்தால் விலையைப் பார் என்பது புரியாதா?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, காய்ச்சலுக்கு விலை. நம்ம உழவர் குழுக்களும் இயற்கை அங்காடிகளும், காயவைக்கிற பெண்களிடமே முன்கூட்டிப் பேசி வாங்க வேண்டும். மாசி, பங்குனிதான் நல்ல வெயிலும் காற்றும் உள்ள பருவம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்துவிடும். அந்த இடைவெளிக்கும், பிறகு மழைக்காலத்துக்கும் தேவையானதை மாசி, பங்குனியிலேயே முழுக் காய்ச்சலில் போட்டுத் தரச் சொல்லலாம். அரைக்காய்ச்சல் சரக்கைவிட மூன்றில் ஒரு பங்கு விலை கூட்டிக் கொடுத்தால்தான் எடை இழப்பே ஈடாகும். மேலே போட்ட 29-க்கும் 38-க்கும் உள்ள கணக்கு அதுதான். அதற்கு மேல் கொடுத்தால்தான் அவர்கள் உழைப்புக்கு. அந்த விலையை அதிகம் என்று சொல்லாதீர்கள். நாம் வாங்குவது தண்ணீர் கழித்த எடை.

இரண்டாவது, பரண். மணலில் காயும் மீனுக்குக் கீழிருந்து ஈரம் ஏறும், மண் ஒட்டும், ஈக்கும் நாய்க்கும் வசதி. சுனாமிக்குப் பிறகு பல மீனவ ஊர்களில் சிமெண்டுத் தளம் கட்டிக் கொடுத்தார்கள். மண் ஒட்டாது, ஆனால் அடியில் காற்றுப் போகாது. இடுப்பளவு உயரத்தில் சவுக்குக் கம்பு நட்டு, மேலே பழைய வலை கட்டினால் இரண்டு பக்கமும் காற்று வாங்கும். வலை கடற்கரையில் கிடக்கிறது, சவுக்கு நம்மிடம் இருக்கிறது. சவுக்கு போட்டவர்கள் தங்கள் பங்குக்குப் பத்துக் கம்பு கொடுப்பது பெரிய விஷயமா? அதற்கு மேலே பாலித்தீன் கூடாரம் போட்டால் உள்ளே சூடு ஏறி ஈப்புழுவே சாகும். வங்காளதேசத்தில் இதைச் செய்து பார்த்து 1977-லேயே எழுதிவிட்டார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய உலர்த்திகளையும் வடிவமைத்திருக்கிறது. புதுச்சேரி மீன்வளத் துறை அதைக் காரைக்கால் மகளிர் குழுக்களுக்கு மானியத்தில் தர வேண்டும் என்று நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். டிராக்டருக்கு மானியம் கேட்கிற நம் சங்கங்கள், இதற்கும் ஒரு வரி மனுவில் சேர்த்தால் குறைந்துபோக மாட்டோம்.

மூன்றாவது, வைக்கும் முறை. விதை நெல்லுக்குச் செய்வதை அப்படியே செய்யுங்கள். கடும் வெயிலில் கடைசி ஒரு நாள் காட்டி, ஆறவிட்டு, மூடி இறுகும் டப்பாவிலோ, வாய்க்குத் துணி கட்டிக் களிமண் பூசிய பானையிலோ சிறு சிறு அளவாக அடையுங்கள். ஒரே பெரிய மூட்டை வேண்டாம். ஒன்றில் வண்டு விழுந்தாலும் மற்றது தப்பும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெயில் காட்டுங்கள். வெளிச்சம் பட்டதும் புழு தானே ஓடும். பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். பரண் பலகை இடுக்கில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுங்கள், உள்ளே ஒளிந்திருக்கும் கூட்டுப்புழு அதோடு சரி. மிளகாய்த் தூளும் மஞ்சளும் தடவி வைப்பது ஓரளவு உதவும். வேப்பிலை போடுகிறவர்கள் போடட்டும். இவை எல்லாம் துணைக்காவல்தான்.

நான்காவது, வண்டு விழுந்ததைக் குப்பையில் கொட்டாதீர்கள். ஒன்றிரண்டு வண்டு என்றால் உதறி, வெயில் காட்டி, கழுவிச் சமைக்கலாம். தூளாகிப் போனதென்றால் உப்பில்லாததைக் கோழிக்குப் போடலாம், பாகல் பந்தலில் மருந்தில்லாத கருவாட்டுப் பொறி கட்டலாம். உப்புக் கருவாட்டை வயலில் கொட்ட வேண்டாம், கடைமடை மண்ணுக்கு ஏற்கனவே உப்பு போதும். மீன் அமிலத்துக்குக் கழிவு வாங்கத்தான் நம்மில் பலர் கடற்கரைக்குப் போகிறோம். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை என்று வாங்கி ஊறப்போடுகிறோம். கழிவை எடுக்கப் போகிற அதே வீட்டில் கருவாட்டுக்கும் விலை பேசிவிட்டு வரலாமே.

கருவாட்டுக் கூடையில் ஒரு வண்டு ஓடினால் இனிமேல் பயப்படாதீர்கள். அந்தக் கருவாட்டை உயிர் ஒன்று தின்று பிழைத்திருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்த மாசிக்குள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மீன் காயவைக்கிற ஒரு வீட்டைக் கண்டுபிடியுங்கள். முழுக் காய்ச்சலுக்கு என்ன விலை என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். நம் நெல்லுக்கு நாமே விலை சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதை முதலில் அவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம்.